ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப்!

உங்க லேப்டாப்புக்கு என்ன வயசு பாஸ்? என்னோடது 2014 மாடல். அக்கா காலேஜ் சேர்ந்தப்போ அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தது. அக்கா படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிடுச்சு. லேப்டாப் மட்டும் வீட்டோட தங்கி, இப்போ என் ஹாஸ்டல் ரூமில் குடித்தனம் நடத்துது. 'ஈ' எழுத்து அழிஞ்சிடுச்சு, பேட்டரி முக்கால் மணி நேரம்தான் தாங்கும். மத்தபடி தங்கம்!

அந்தத் தங்கத்துக்குத்தான் போன செமஸ்டர் லீவு முடிஞ்சு வந்ததும் சோதனை. ஹாஸ்டலில் புது வை-ஃபை போட்டிருந்தாங்க. எல்லாருடைய போனிலும் நெட்வொர்க் பெயர் ஜம்முனு தெரியுது. என் லேப்டாப்பில் மட்டும் அப்படி ஒண்ணு இருப்பதற்கான அறிகுறியே இல்லை. அடுத்த மாசம் பிளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் டெஸ்ட்டுகள் வேற ஆரம்பம். அப்பாவிடம் போனில் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "புதுசு வாங்கிடலாமாடா? லோன் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அந்த ஒரு நிமிஷ மௌனம் எனக்குப் பிடிக்கலை. "வேணாம்ப்பா, ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிச்சுக்கிறேன்"னு வாயை விட்டுட்டேன்.

முதல் காமெடி உடனே நடந்தது. ஆன்லைனில் 299 ரூபாய்க்கு, சுண்டு விரல் நகம் சைஸில் ஒரு யுஎஸ்பி வை-ஃபை அடாப்டர் ஆர்டர் போட்டேன். வந்தது, சொருகினேன். லேப்டாப்பில் ஏற்கெனவே எதெல்லாம் தெரிஞ்சதோ, அதுவே திரும்பவும் தெரிஞ்சது. ஹாஸ்டல் நெட்வொர்க்? ம்ஹூம்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன் (இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு வெளியில சொல்லிக்கிறேனே!). வை-ஃபை ஓடுவதற்கு முக்கியமா இரண்டு ரோடு இருக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதல் ரோடு பழசு. சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனா ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன்னு ஊர்ப்பட்ட டிராஃபிக். இரண்டாவது வேகமான ரோடு, ஆனா சுவரைக் கண்டா பம்மும். என் லேப்டாப் காலத்து விலை குறைஞ்ச மெஷின்கள் பலதிலும் முதல் ரோடுக்கான கார்டு மட்டும்தான். ஹாஸ்டலிலோ புது நெட்வொர்க்கை 5-ல் மட்டும் விட்டிருக்காங்க. நான் வாங்கின 299 ரூபாய் சமாச்சாரமும் 2.4 மட்டும்தான்!

உங்களுக்கும் இதே வியாதியானு பைசா செலவில்லாம கண்டுபிடிக்கலாம். போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள்ள போனா 'பேண்ட்'னு ஒரு இடம் பெரும்பாலும் இருக்கும். அதை 2.4-ல் வெச்சா லேப்டாப்புக்குத் தெரியுது, 5-க்கு மாத்தினா காணாமப் போகுதா? அப்போ நீங்க நம்ம ஜாதி. டிவைஸ் மேனேஜரில் வை-ஃபை கார்டு பெயருக்குப் பின்னாடி '802.11 பி/ஜி/என்'னு மட்டும் இருந்தாலும் சந்தேகப்படலாம். 'ஏசி'ன்னு எழுத்து வந்தா 5 உண்டு. அந்த ஏசி ஸ்டாண்டர்டு வந்ததே 2013 கடைசியில்தான். அக்கா லேப்டாப்பைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

வியாதி தெரிஞ்சாச்சு. மருந்துக்கு சென்னையில் ஒரே விலாசம்தான். சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் துண்டில் சுத்தி பேக்கில் போட்டுக்கிட்டு, தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறினேன். கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷன். வெளியே வந்தா மவுண்ட் ரோடு. ரோட்டைத் தாண்டி விசாரிச்சுக்கிட்டே நடந்தா பத்து நிமிஷம்கூட ஆகாது. (ஞாயிற்றுக்கிழமை போய் ஷட்டரைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க.)

ரிச்சி ஸ்ட்ரீட்னு ஒரு தெருப் பெயரைச் சொல்றோமே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் அந்த மார்க்கெட். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் ஏரியா. ரேடியோ, டி.வி. உதிரிபாகங்கள் வித்த மார்க்கெட் கம்ப்யூட்டருக்கு மாறி, அப்புறம் செல்போனுக்கு மாறி, இப்போ திரும்பின பக்கமெல்லாம் சிசிடிவி கேமராவா தொங்குது. தெரு என்னவோ அகலமில்லை. அதில் பைக், தள்ளுவண்டி, தலையில் மானிட்டர் பெட்டி சுமந்து வர்றவர், "ஸ்கிரீன் கார்டா சார், சார்ஜரா சார்"னு கையைப் பிடிக்கிறவர் எல்லாருக்கும் இடம் உண்டு. சால்டரிங் புகை வாசனையும் சமோசா வாசனையும் ஒண்ணா வர்ற இடத்தை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.

நம்மாளுங்களை இங்கே ஈஸியா அடையாளம் கண்டுபிடிக்கலாம். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ரெசிஸ்டர், சென்சார், மோட்டார்னு லிஸ்ட், முகத்தில் திங்கட்கிழமை ரிவ்யூ பயம். நாலு பேர் சேர்ந்து வந்து ஒரு கடையில் முப்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவாங்க. புராஜெக்ட் முழுசாவே ரெடிமேடா கிடைக்கும்னும் ஒரு பேச்சு உண்டு. ஹெச்.ஓ.டி. சார், அதெல்லாம் எனக்குத் தெரியாது.

முதல் கடைக்காரர் லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. "இதை வெச்சுக்கிட்டு என்ன தம்பி பண்ணப்போறீங்க? செகண்ட்ஸில் சூப்பர் பீஸ் இருக்கு. பதினாலாயிரம். இதை எடுத்துக்கிட்டு எண்ணூறு கழிச்சுக்கிறேன்" என்றார். எண்ணூறு! அக்கா கேட்டிருந்தா கடையில் ரகளையே நடந்திருக்கும்.

இரண்டாவது, மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடியில் ஒரு சர்வீஸ் கடை. அங்கே இருந்த பாய் பேசவே இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்தார், ஸ்க்ரூக்களைக் கழட்டி ஒரு காந்தத் தட்டில் வரிசையா வெச்சார். உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதா ஒரு பச்சைக் கார்டு, அதில் கறுப்பும் வெள்ளையுமா இரண்டு வயர். "இதான் உன் வை-ஃபை. வயர் ரெண்டும் ஸ்கிரீனைச் சுத்திப் போகுது, அதான் ஆன்டெனா. இது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. இப்போ வர்ற எம்.2 கார்டை நேரா மாட்ட முடியாது" என்றார். அந்தப் பழைய சைஸிலேயே இரண்டு ரோடிலும் ஓடுற கார்டு, கழட்டின லேப்டாப்பிலிருந்து எடுத்தது, ஒண்ணு வெச்சிருந்தார். நானூறு ரூபாய். மாட்டினால் வெளியில் எதுவும் துருத்தாது, போர்ட்டும் மிச்சம். மனசுக்குள்ள பட்டாசு!

ஸ்விட்ச் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: அனுமதிக்கப்படாத கார்டு, கழட்டுங்கள். அவ்வளவுதான், மேலே நகரவே இல்லை.

"நினைச்சேன்" என்றார் பாய். சில கம்பெனிகள் அந்தக் காலத்தில் தாங்கள் அங்கீகரிச்ச கார்டு லிஸ்ட்டை பயாஸுக்குள்ளேயே எழுதி வெச்சிடுவாங்களாம். லிஸ்ட்டில் இல்லாத கார்டு உள்ளே வந்தா மெஷின் கிளம்பாது. நம்ம காசு போட்டு வாங்கின நம்ம மெஷினுக்குள்ள யார் வரலாம்னு அவங்க முடிவு பண்றாங்க! எனக்கு வந்த கோபத்துக்குப் பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பழைய கார்டையே திரும்ப மாட்டிக் கொடுத்து, கழட்டி மாட்டின கூலி ஐம்பது ரூபாய் மட்டும் வாங்கிக்கிட்டார். நீங்க இந்த வழிக்குப் போனா, கடையிலேயே மாட்டி ஆன் பண்ணிப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கணும். தனியா வாங்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்து மாட்டலாம்னு ஹீரோயிசம் வேண்டாம்.

மூன்றாவது கடையில் என் வயசுப் பையன் கவுன்ட்டரில் இருந்தான். கதையைக் கேட்டுட்டு, "போன் வெச்சிருக்கல்ல? சார்ஜர் கேபிள் இருக்குல்ல? அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் வந்த?"ன்னு கேட்டான். ஆண்ட்ராய்டு போனை ஹாஸ்டல் வை-ஃபையில் போட்டு, கேபிளில் லேப்டாப்போட சேர்த்து, 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணினா, போன் வாங்குற வை-ஃபை அப்படியே லேப்டாப்புக்குப் போயிடும். டேட்டா பேக் கரையாது. அங்கேயே செஞ்சு காட்டினான். உண்மைதான் மக்களே! காசில்லாதவங்க இதோடு இந்தக் கட்டுரையை மூடி வெச்சுட்டு நிம்மதியா தூங்கலாம்.

எனக்கு முடியாதே! ஆன்லைன் டெஸ்ட்டில் கேமரா நம்மையே பார்த்துக்கிட்டிருக்கும், போன் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கக் கூடாது. இதைச் சொன்னதும் அவன் சிரிக்கிறதை நிறுத்திட்டு ஒரு டப்பாவை எடுத்தான். 'ஏசி600 டூயல் பேண்ட்'. அந்த 600 ஒரு கூட்டல் கணக்கு. 2.4-ல் 150, 5-ல் 433, இரண்டையும் சேர்த்து கொஞ்சம் ரவுண்டு பண்ணிட்டாங்க. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. பக்கத்தில் 1200, 1300-னு பெரிய நம்பர் போட்ட டப்பாக்களும் இருந்தது. என் லேப்டாப்பில் இருப்பது யுஎஸ்பி 2.0; அதுவே காகிதத்தில் 480 மெகாபிட்தான். அதுக்கு மேல நம்பர் வாங்கினா டப்பாவைத்தான் அழகு பார்க்கணும். இன்னொண்ணு, நீளமா ஆன்டெனா வெச்சிருந்தா டூயல் பேண்ட்னு அர்த்தமில்லை. டப்பாவில் 5 கிகாஹெர்ட்ஸ்னு எழுதியிருக்கானு பாருங்க. '5ஜி'ன்னு யாராவது சொன்னா, அது சிம் கார்டு 5ஜியா, வை-ஃபை 5-ஆனு கேட்டுக்குங்க. விக்கிறவங்களே குழம்புறாங்க.

இன்னொரு கேள்வியும் கேட்டேன்: "உள்ளே என்ன சிப்?" விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. என் மெஷினில் 11 ஏறாது. என்னைக்கிருந்தாலும் லினக்ஸுக்குப் போகணும். மீடியாடெக் எம்டி7610யு சிப்புக்கான டிரைவர் 2018-லிருந்தே லினக்ஸ் கெர்னலில் இருக்கு, சொருகினா போதும். வேற சிப் சிலதுக்கு டிரைவரைத் தேடித் தேடியே தலைமுடி கொட்டும். பையன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பெரியவருக்குப் போன் போட்டான், கடைசியில் அலமாரி மேலிருந்து தூசி தட்டி வேற ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான். 850 சொன்னான். நான் 500 கேட்டேன். "போயிட்டு வா"ன்னான். நாலு அடி நடந்தேன், கூப்பிடலை. (சினிமாவில் கூப்பிடுவாங்க!) திரும்பி வந்து 680-க்கு முடிச்சேன். என் போன் ஹாட்ஸ்பாட்டை 5-ல் வெச்சு, கடையிலேயே லேப்டாப்பில் தெரியுதானு பார்த்த பிறகுதான் ஜிபே. பில்லில் 'ஒரு வருஷ வாரன்ட்டி'ன்னு கையால் எழுதி சீல் போட்டு வாங்கினேன்.

299, 50, 680. மொத்தம் 1,029 ரூபாய். அப்பாவிடம் சொன்ன ஆயிரத்தில் 29 ரூபாய் உதைக்குது. டீ பாய் கணக்கில்.

ராத்திரி ரூமில் சொருகினதும் ஹாஸ்டல் நெட்வொர்க் தெரிஞ்சது, ஆனா ஒரே ஒரு கோடு. என்னோடது வராண்டா கடைசி ரூம், நடுவில் இரண்டு சுவர். 5 கிகாஹெர்ட்ஸின் குணத்தை நான்தானே மேலே எழுதினேன்! பக்கத்து ரூம் சீனியர் பிரின்ட்டருக்கு வெச்சிருந்த இரண்டு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கடன் வாங்கி, அடாப்டரைக் கதவுக்கு மேலே வென்ட்டிலேட்டர் கம்பியில் கட்டினேன். மூணு கோடு. அந்த வாரமே ஒரு மாக் டெஸ்ட், ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைகூட அறுபடலை. மார்க்கைக் கேட்காதீங்க, அதுக்கு வை-ஃபை பொறுப்பில்லை.

அந்த 299 ரூபாய் குட்டி அடாப்டரை ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். வீட்டு ரூட்டர் இன்னும் 2.4-தான். மாமா பையனின் பழைய டெஸ்க்டாப்புக்கு அது போதும். இங்கே ஒரே பிரச்னை, ரூம்மேட் அந்த எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஈரத் துண்டைக் காயப்போடுறான்.