பாதை போடுவதற்கு முன்

தாமானில் வீடு வாங்கி, அதுவும் மூலை வீடாக அமைந்துவிட்டால், நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் பக்கத்து நிலத்துக்குச் சிமெண்டு போடுவதுதான். புல் வெட்ட வேண்டாம், தீபாவளிக்குக் கூடாரம் போடலாம், இன்னொரு காரை நிறுத்தலாம். காரணங்களைக் குறை சொல்லவும் முடியாது. சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டுப் பக்கத்து நிலம் 14 அடி அகலம், 40 அடி நீளம். அப்பாவும் அதையேதான் சொன்னார்: "மொத்தமா போட்டுட்டா ஒரு தொல்லையும் இல்ல."

பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வயது 78. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டுத் தாமானுக்கு வந்தபோது, லயத்து வீட்டின் பின்புறத்திலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு முருங்கைக் கிளையையும் கொண்டு வந்தார். இரண்டும் இப்போது அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. "வீட்டுத் தோட்டம்" என்று நான் சொன்னால் பாட்டிக்குச் சிரிப்பு வரும். "பதினாலு அடிக்குத் தோட்டமா?" என்பார். அவருக்குத் தோட்டம் என்றால் நானூறு, ஐந்நூறு மரங்கள் உள்ள நிரை!

சிமெண்டு போட்டால் மரங்கள் போய்விடும். போடாவிட்டால், மழை பெய்ததும் புல்தரை சேறாகிவிடும். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மூட்டு வலியோடு பாட்டி அந்தச் சேற்றில் கால் வைப்பதைப் பார்த்து அப்பா பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஆக, பாட்டி விழாமல் தம் மரங்களிடம் போய்வர ஒரு பாதை வேண்டும். ஆள் வைத்துச் செய்யப் பணமில்லை. விடுமுறையில் நானே போடுகிறேன் என்றேன்.

பாதை போடக் கற்றுத்தரும் புத்தகங்கள் தாளும் பென்சிலுமாகத் தொடங்குகின்றன. நான் ஒரு வாரம் பாட்டியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கட்டடத்துக்குக் கட்டடம் ஒழுங்காக நடைபாதை இருக்கும்; நாமோ புல்தரையில் குறுக்கே நடந்து புதிய ஒற்றையடிப் பாதை ஒன்றைப் போட்டு வைத்திருப்போம். கால் போகும் வழியில் கல் போகாவிட்டால், கல் சும்மாதான் கிடக்கும்.

பாட்டி அடுக்களைக் கதவிலிருந்து துளசி மாடத்துக்குப் போகிறார். அங்கிருந்து கறிவேப்பிலை. அடுத்தது முருங்கை என்றுதான் எல்லாரும் நினைப்போம். இல்லை, வேலிக்குப் போகிறார்! அந்தப் பக்கம் மக்சிக் நிற்பார். அவர் பாண்டான் இலை நீட்டுவார், பாட்டி கறிவேப்பிலை நீட்டுவார். பாட்டியுடையது தோட்டத்து மலாய். அவர்கள் இருவருக்கும் அது தாராளமாகப் போதும். இருபது நிமிடமாவது நின்றபடியே பேசுவார்கள். வேலியோரம் அந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

புல்லுக்கு நடுவே தனித்தனிக் கற்களாகப் பதிப்பது படத்தில் அழகுதான். ஆனால் அவற்றைப் பெரியவர்களின் நடைக்கு ஏற்ப ஏறக்குறைய 2 அடிக்கு ஒன்றாக வைப்பார்கள். பாட்டியின் எட்டை அளந்தேன்: 14 அங்குலம். இடையில் கால் தட்டும். அதனால் இடைவெளியில்லாத பாதைதான் என்று முடிவு செய்தேன்.

அகலம்தான் யோசிக்க வைத்தது. ஒருவர் நடக்க 3 அடி போதும். கைபிடித்துக் கூட ஒருவர் நடக்க 4 அடி வேண்டும். அடுக்களைப் படியின் உயரம் 6 அங்குலம். அதற்குப் பதில், ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் 6 அடிக்குச் சாய்தளம் என்று எழுதினேன். சக்கர நாற்காலிக்குச் சொல்லப்படும் கணக்கு அது. வரைபடத்தை அம்மா வெகுநேரம் பார்த்தார். ஏன் இவ்வளவு அகலம், ஏன் சாய்தளம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தண்ணீர்க் குழாயைப் புல்மேல் வளைத்துப் போட்டு, அதன் ஓரமாகக் கோலமாவைத் தூவினேன். பாட்டி வந்து பார்த்தார். "இங்க தண்ணி நிக்கும் பாப்பா. மேல தள்ளிப் போடு." மேட்டுக்காட்டில் வெட்டியவர், தண்ணீர் ஓடும் வழி அவருக்குத் தெரியும். கோடு 2 அடி மேலே ஏறியது. அன்று மாலையே மழை பெய்து கோலமாவு கரைந்தது. பாட்டி காட்டிய இடத்தில் குட்டை!

வேலியோரம் பாதையை 6 அடியாக அகலப்படுத்தினோம். மொத்தம் 180 சதுர அடி, அதாவது சுமார் 17 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிமெண்டுக் கல்லானால் சதுர மீட்டருக்கு 50 கல். 850 வந்தது, உடைசலுக்கும் சேர்த்து 900 வாங்கினோம். வடக்கில் மழை குறையும் பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினோம். 6 அங்குலம் தோண்டி, 3 அங்குலத்துக்குச் சரளைக் கல் கொட்டி இடித்து, அதன்மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பிக் கல்லை அடுக்க வேண்டும். சொல்ல எளிது, முதுகுக்குத்தான் தெரியும். பாதையின் 4 அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது, பாசியும் அவ்வளவாகப் பிடிக்காது. சிமெண்டுதான் வேண்டும் என்ற அப்பா, ரசமட்டத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான். அதன்பிறகு அவர் வைத்ததுதான் அளவு. கறிவேப்பிலையின் அடியில் வேருக்குத் தண்ணீர் போக ஒரு வட்டம் மண்ணாகவே விடச் சொன்னவரும் அவர்தான்.

கல் வேலியை எட்டிய அன்று மக்சிக் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து, வேலிக்கு அப்பால் ஒன்று, இப்பால் ஒன்று என்று போட்டார். மீந்த நாற்பது கற்களை என்ன செய்வது என்று அப்பா பாட்டியைக் கேட்டார்.

"முருங்கப் பக்கம் அடுக்கி வை. அங்க இன்னும் வழி இல்ல."