சம்பளம் வாங்குகிறவரும் வாங்காதவரும்

லினக்ஸ் கர்னல் வேலை கற்க வருகிறவர்களிடம் முதலில் மெயின்டெய்னர்ஸ் கோப்பைப் படிக்கச் சொல்வேன். எந்தப் பகுதி யார் பொறுப்பில் என்பது அதில் இருக்கும். 'சப்போர்ட்டட்' என்று போட்டிருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் சம்பளம் வாங்குகிறார். 'மெயின்டெய்ன்ட்' என்றால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், சம்பளப் பேச்சில்லை. இரண்டுக்கும் ரிவ்யூவில் ஒரே கண்டிப்புதான்.

நான் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் டிரைவர் எழுதுகிறவன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தன்னார்வலர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் ரிவ்யூவுக்கு உட்காருவார். "என்ன மாற்றினாய் என்பது கோடிலேயே தெரிகிறது. ஏன் மாற்றினாய் என்று கமிட் செய்தியில் எழுது" என்பார். பெரிய பேட்சைப் பிரித்துவரச் சொல்லித் திருப்பிவிடுவார். ஒவ்வொரு துண்டும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பைசெக்ட் செய்து தேடும்போது எந்தத் துண்டில் நிறுத்தினாலும் கர்னல் பூட் ஆக வேண்டும். அவர் கை பட்ட பேட்ச் வரிசையைப் படித்தாலே அந்த டிரைவர் வளர்ந்த விதம் விளங்கிவிடும்.

எங்கள் பக்கத்துக் குழு ஒன்று மாதக்கணக்காக அறைக்குள்ளேயே ஒரு டிரைவரை முடித்து, மொத்தமாக வெளியே கொடுத்தது. கர்னலில் ஏற்கெனவே இருந்த பொது வசதியைத் தாங்களும் ஒருமுறை எழுதியிருந்தார்கள். பாதிக்கு மேல் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது முதல் வரைவையே பொதுவில் வைத்துவிடுகிறோம். எங்கள் லேபில் இல்லாத பழைய லேப்டாப் எங்கோ ஒரு தன்னார்வலரிடம் இருக்கும். மூடித் திறந்தால் சாதனம் விழிக்கவில்லை என்று லாகோடு எழுதுவார். அதற்குப் பதில் எழுதுவதும் என் சம்பள வேலைதான்.

புது மாற்றங்களைக் கர்னலில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நிறுவனத்தின் தேதிக்குத் திறக்காது. இரண்டு வாரம் திறந்திருக்கும். தவறினால் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பேட்சின் சைன்ட்-ஆஃப்-பை வரியில் கையெழுத்திடுவது ஆள், நிறுவனம் அல்ல. வேலை மாறினாலும் பெரும்பாலும் மெயின்டெய்னர் பொறுப்பு அவரோடேயே போகும்.

கர்னலுக்கு வெளியேயும் இதே கதைதான். எண்ணற்ற சர்வர்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலை நெடுங்காலம் ஒரே தன்னார்வலர் சுமந்தார். உதவ வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் பின்கதவு வைத்தது 2024-இல் வெளிப்பட்டது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அந்தக் கவனம் முன்னதாகவே, ரிவ்யூவாக, தனியாகச் சுமந்த அந்தத் தன்னார்வலருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

நிறுவனத்தில் சேரப்போகும் தம்பி தங்கைகளே, பிறர் பேட்சைப் படிக்க வாரத்தில் எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று சேரும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.