நாய் மேலே பத்து, சுவரிலே நூறு

எங்கள் வீரசோழன் பக்கத்தில் ஆடில்லாத வீடு குறைவு. நாயில்லாத தெரு கிடையவே கிடையாது. பேர்பெற்ற ஜாதி நாய்களின் சொந்த ஊர்களான ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். இத்தனை பெருமை இருந்து என்ன? வீரமான நாயையும் ஒரு சின்ன உண்ணி சாய்த்துவிடுகிறதே!

எங்கள் மணி சாதாரண நாட்டு நாய். போன வருஷம் சித்திரை மாதத்தில் திடீரென்று சோற்றைத் தொடவில்லை. "வெயிலுக்கு அப்படித்தான் கெடக்கும் தாயி" என்றார் அத்தை. மறுநாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. உடனே அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனோம். ரத்தத்தைச் சோதித்த கால்நடை டாக்டர், "உண்ணி கடிச்சு வந்த காய்ச்சல்ம்மா" என்று சொல்லி 28 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் மணி கஞ்சி குடித்தது. ஆனாலும் 28 நாளும் விடாமல் கொடுத்தோம்.

அன்று டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். "நாய் மேல இருக்கிறதை மட்டும் பிடுங்கினாப் பத்தாதும்மா. பாக்கியெல்லாம் உங்க வீட்டுச் சுவத்துல இருக்கு."

மாட்டு உண்ணி குஞ்சாக ஏறினால் பெரிதாகும் வரை அதே மாட்டின் மேல்தான் இருக்கும். நாய் உண்ணி அப்படியல்ல. ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, தோலுரித்து, மறுபடி நாய் மேல் ஏறும். இப்படி மூன்று தடவை! கடைசியில் பெண் உண்ணி ஆமணக்கு விதை போல உப்பி விழுந்து, சுவர் வெடிப்பில் போய் 4000 முட்டை வரை இடும். (ஆமணக்குக்கு லத்தீனில் ரிசினஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றும் அர்த்தம்!) பட்டினி கிடந்தே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அது மேலே ஏறும் சுபாவமுள்ளது. அதனால் தரையைப் பெருக்கினால் மட்டும் போதாது. கதவு நிலை, காலண்டருக்குப் பின்புறம், காரை பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். மணி படுத்த சாக்கை எரித்துவிட்டு, வெந்நீரில் துவைக்கக்கூடிய பழைய போர்வையைப் போட்டோம். திண்ணை வெடிப்புகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, காய்ந்ததும் சிமென்ட் குழைத்து அடைத்தோம். வாரம் ஒரு தடவை மூலை முடுக்கெல்லாம் கூட்டிக் குப்பையை எரித்தோம். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்குமாகையால் மூன்று மாதம் விடாமல் செய்தோம்.

தினமும் நாயைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடையிடுக்கு, வால் அடி — இவைதான் உண்ணி பதுங்குமிடங்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடி, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்புக் குச்சியால் சுடுவதும் நாய்க்குத்தான் ரணம். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு குட்டி அதனாலேயே நுரை தள்ளிச் செத்தது. வேப்பிலை, வசம்பு, மஞ்சள், பூண்டு, உண்ணிச்செடி இலை அரைத்து மாட்டுக்குத் தெளிக்கும் கைமருந்து நல்லதுதான். ஆனால் நாய் தன் உடம்பை நக்கும். பூண்டு நாய்க்கு ஆகாது. அதற்கென்றே கழுத்தில் சொட்டுவிடும் மருந்தும் மென்று தின்னும் மாத்திரையும் வந்துவிட்டன. நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய்க்கான சில மருந்துகள் பூனைக்கு விஷம்.

கைக்குழந்தைக்காரிகளுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. நாய் உண்ணி மனிதரை அபூர்வமாகவே கடிக்கிறது. ஆனால் கடித்தால் டிக் டைபஸ் என்ற காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பும் கண்டால், வீட்டில் நாய் இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும். நாயோடு விளையாடிய பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது தலைமுடி, காதுப் பின்புறம், அக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

இதற்காக நாயைத் துரத்திவிட வேண்டியதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரிலுள்ள வெடிப்புகளை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் சுண்ணாம்பைத் தொடுங்கள். நாயும் பிழைக்கும், பிள்ளைகளும் நிம்மதியாகத் திண்ணையில் படுத்துத் தூங்குவார்கள்.