ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு எந்த ட்ரைபாட்?

மார்கழி பிறந்துவிட்டால் போதும், சளி, இருமல் சந்தேகங்களோடு இன்னொரு கேள்வியும் என் இன்பாக்ஸுக்கு வந்து சேரும்.

"டாக்டர், ஜனவரியில நீர்ப்பறவை கணக்கெடுப்புக்குப் போறோம். எந்த ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கலாம்?"

ஸ்கோப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்காங்க. நான் எழுத நினைப்பது அந்த ஸ்கோப் உட்காரும் ஸ்டாண்டைப் பற்றி.

ஏன்னா, இருக்கிற பணம் மொத்தத்தையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ட்ரைபாட் எடுப்பதுதான் நம்ம ஊர் வழக்கமாக இருக்கிறது.

அதில் என்ன பிரச்சனை? சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பைனாகுலர் 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஸ்கோப் பெரும்பாலும் 20 முதல் 60 மடங்கு. பறவையை 60 மடங்கு பெரிதாக்கும் அதே கண்ணாடி, ஆட்டத்தையும் 60 மடங்கு பெரிதாக்கும். அதுக்குப் பாரபட்சம் கிடையாது.

கோடியக்கரை உப்பளப் பக்கம் போய் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வாடைக்காற்று அடிக்கிறது. 400 மீட்டர் தள்ளி சேற்றில் ஒரு கொசு உள்ளான் மேய்கிறது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, குளிருக்கு நம்ம கடற்கரைக்கு வரும் பறவை. தலையிலிருந்து வால் வரைக்கும் 13 சென்டிமீட்டர் இருக்கும், எடை 30 கிராமுக்கு முன்னே பின்னே.

இப்போது ஸ்கோப்பின் கண் வைக்கும் முனை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அசைகிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த அசைவில் ஸ்கோப் பார்க்கும் இடம் 400 மீட்டர் தூரத்தில் சுமார் 70 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். அதாவது, உங்கள் கண்ணுக்குள் அந்தப் பறவை தன் உடல் நீளத்தைப் போல ஐந்து மடங்கு தூரம் குதிக்கும்.

அப்புறம் லட்ச ரூபாய் லென்ஸ் இருந்து என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனைக்கு வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 71. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் உப்பளம் உப்பளமாகச் சைக்கிளில் போய்ப் பறவை பார்த்தவர். பூநாரை எந்த வருஷம் எத்தனை வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். மூன்று வருடமாக அவருக்குக் கை நடுக்கம். சும்மா மடியில் வைத்திருந்தால் கை ஆடாது. டம்ளரைத் தூக்கினால் காப்பி தளும்பும், பைனாகுலரைத் தூக்கினால் வானமே ஆடும்.

இது பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போதுதான் அதிகமாகத் தெரியும். இவருக்கு இருப்பது எசென்ஷியல் ட்ரெமர். ஒரு வேலை செய்யும்போது, ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வரும் நடுக்கம். குடும்பத்தில் அப்பா, அண்ணன் என்று தொடர்ந்து வருவதும் உண்டு. தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது.

வழக்கமாக முதலில் யோசிக்கும் மருந்துகளில் ஒன்று ப்ரொப்ரனலால். ஆனால் சாருக்கு ஆஸ்துமா இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அவர் இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரோ நடுக்கத்தைக் கூட்டக்கூடியது. அந்தப் பக்கம் போனால் இடி, இந்தப் பக்கம் போனால் மழை. நரம்பியல் மருத்துவரின் ஆலோசனைப்படி ப்ரிமிடோன் குறைந்த அளவில் ஆரம்பித்தோம். (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் போய்க் கேட்க வேண்டாம்.) ஓரளவு குறைந்தது. காப்பி டம்ளருக்கு அது போதும், பைனாகுலருக்குப் போதவில்லை.

ஒருநாள் ஓபியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"பையன் பணம் அனுப்புறேங்கிறான். பெரிய ஸ்கோப்பா வாங்கிக்கப்பாங்கிறான். கை ஆடுறவனுக்கு ஸ்கோப் எதுக்கு டாக்டர்? இன்னும் பெருசா ஆடத்தானே செய்யும்?"

நியாயமான கேள்வி. பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றதால் "சாயங்காலம் பேசுவோம் சார்" என்றேன். சாயங்காலம் பேசியதுதான் இனி வருவது.

ஸ்கோப்பை நாம் கையில் தூக்கிப் பிடிப்பதில்லை. எடையை ட்ரைபாட் பார்த்துக்கொள்ளும். கைக்கு மிச்சம் இருக்கும் வேலை திருப்புவதும் ஃபோகஸ் செய்வதும்தான். அப்படியென்றால் திருப்பும்போது கையின் நடுக்கம் ஸ்கோப்புக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ட்ரைபாட்டின் ஹெட்.

கேமராக்காரர்கள் பலரும் பால் ஹெட் வைத்திருப்பார்கள். ஒரு உருண்டை, ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும். ஒரே ஒரு படம் எடுக்க அது நல்லது. பறவைக் கூட்டத்தை இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டே போக அது உதவாது. திருகு கொஞ்சம் கூடுதலாகத் தளர்ந்தால் ஸ்கோப் தொபுக்கென்று தலை குப்புறக் கவிழும். ஸ்கோப்புக்கு என்னைக் கேட்டால் பால் ஹெட் வேண்டவே வேண்டாம்.

வேண்டியது வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் ஃப்ளூயிட் ஹெட். மேல் கீழ், இடம் வலம் என்று இரண்டே அசைவு. பிடித்துத் திருப்ப ஒரு நீளக் கைப்பிடி. உள்ளே கெட்டியான பசை போன்ற எண்ணெய்.

வெல்லப்பாகில் கரண்டி விட்டுப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக இழுத்தால் கரண்டி கூடவே வரும், வெடுக்கென்று ஆட்டினால் பாகு விடாது. இதே சங்கதிதான் ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் நடக்கிறது. சாருடைய வகை நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 12 முறை வரை போய்வரும் வேகமான அசைவு. நாம் வேண்டுமென்றே ஸ்கோப்பைத் திருப்புவது மெதுவான அசைவு. மெதுவானதை விட்டுவிட்டு வேகமானதைப் பெரும்பாலும் அமுக்கிவிடும். கைப்பிடி நீளமாக இருந்தால் இன்னும் லாபம், கை அதே அளவு ஆடினாலும் ஸ்கோப் திரும்பும் கோணம் குறையும்.

நடுக்கம் இல்லாதவர்களுக்கும் இதுதான் கதை. முழு ஆரோக்கியமான கையும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, 60 மடங்கில் தெரியும்.

ஆனால் நல்ல ஹெட்டை மட்டும் வாங்கி மெலிந்த காலில் மாட்டினால் வேலைக்கு ஆகாது. ஹெட் தடுத்த விசை எங்கே போகும்? நேரே கீழே காலுக்குத்தான் போகும். கால் மெலிதாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். பறவை மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கையை எடுப்பீர்கள், முறுக்கு அவிழ்ந்து காட்சி தானாகப் பின்னால் நகரும். மறுபடி திருப்புவீர்கள், மறுபடி நகரும். இது பலருக்கும் நடந்திருக்கும். ஸ்கோப் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

டப்பாவில் "10 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீங்க. மாடியில் கட்டிய கொடிக்கயிறுகூட 10 கிலோ ஈரத்துணியைத் தாங்கும். ஆடாமல் நிற்குமா? நமக்குத் தேவை தாங்கும் சக்தி அல்ல, விறைப்பு.

அதைக் கடையிலேயே பரிசோதிக்கலாம். ஸ்கோப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ட்ரைபாட்டில் மாட்டி, கால்களை உங்கள் உயரத்துக்கு நீட்டி, அதிகபட்ச ஜூமில் தெருக்கோடி போர்டில் உள்ள பொடி எழுத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது ஸ்கோப்பின் முனையில் விரலால் ஒரு தட்டு. எழுத்து ஆடி அடங்க எத்தனை வினாடி ஆகிறது? ஒரு வினாடிக்குள் அடங்கினால் நல்ல ஸ்டாண்ட். மூன்று நான்கு வினாடி ஆடினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துடுங்க. அடுத்து ஹெட்டின் அடிப்பகுதியைப் பிடித்து, துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். மேலே முறுக்கினால் கீழே கால் திருகிக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

காலின் மேல் குழாய் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மடிப்பு மூன்று இருந்தால் போதும். நான்கு, ஐந்து மடிப்பு என்றால் சின்னதாக மடங்கும், பைக்குள் அடங்கும், ஆனால் கடைசிக் குழாய் பென்சில் மாதிரி இருக்கும்.

நடுவில் உயர்த்தும் கம்பி இருக்கிறதே, அதை உயர்த்தாதீர்கள். மூன்று கால் ஸ்டாண்டை வாங்கி அதன் மேல் ஒற்றைக் கால் நடுவது போலத்தான் அது. இங்கேதான் 45 டிகிரி சாய்ந்த ஐபீஸ் உள்ள ஸ்கோப் கைகொடுக்கிறது. குனிந்து பார்ப்பதால் ட்ரைபாட் உயரம் குறைவாக இருந்தால் போதும், உயரம் குறைந்தால் ஆட்டமும் குறையும். குட்டையானவர், நெட்டையானவர், குழந்தை எல்லோரும் உயரத்தை மாற்றாமலே பார்க்கலாம். நேரான ஸ்கோப் என்றால் ஸ்டாண்ட் உங்கள் கண் உயரத்துக்கு வந்தாக வேண்டும்.

அலுமினியமா, கார்பனா? கார்பன் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், உப்புக்காற்றில் அரிக்காது. விலைதான் இடிக்கும். காரை விட்டு இறங்கி இருபது அடியில் நின்று பார்ப்பவருக்குக் கனமான அலுமினியமே போதும். வரப்பில் மூன்று கிலோமீட்டர் நடப்பவர் கார்பனுக்குச் சேர்த்து வைக்கலாம். எவ்வளவு உறுதியான ட்ரைபாட்டாக இருந்தாலும் கனம் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பயனில்லை. நிலம் அளக்கும் சர்வேயர்களின் மர ஸ்டாண்ட் அசையவே அசையாது. அதன் போல்ட் 5/8 இன்ச், நம் ஹெட்டுக்கு 3/8 இன்ச், இணைக்க ஒரு அடாப்டர் வேண்டும். தூக்க ஆள் இருந்தால் தாராளமாக முயற்சி செய்யுங்கள்.

சரி, சார் என்ன வாங்கினார்?

மகன் சொன்னது 85 மில்லிமீட்டர் ஸ்கோப். சார் 65 மில்லிமீட்டர் வாங்கினார். அந்தி வெளிச்சத்தில் 85 நிச்சயம் பிரகாசமாகக் காட்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் அது கனம் கூட, அதற்கேற்ற ஸ்டாண்டும் கனம் கூட. மிச்சமான பணம் கார்பன் கால்களுக்கும் ஃப்ளூயிட் ஹெட்டுக்கும் போனது. சாய்ந்த ஐபீஸ். ட்ரைபாட் காலை நீட்டாமல் விரித்து வைத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறார். திருப்பிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். மடியில் இருக்கும் கை ஆடுவதில்லையே.

தை மாதத்தில் போன் வந்தது.

"டாக்டர், ஒரு உள்ளான் கால்ல கொடி இருக்கு. எழுத்து படிக்க முடியுது. மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் ஒண்ணேதான்."

கோடியக்கரையில் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, வளையமும் குறியீட்டுக் கொடியும் மாட்டி விடுகிறது. அந்தப் பறவையை வேறு யாராவது வேறு ஒரு நாள் பார்த்து, கொடியில் உள்ளதைப் படித்துச் சொன்னால்தான் அது எங்கே போனது, எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தால் அது வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேரும். 100 மீட்டரில் இருப்பதை 60 மடங்கில் பார்ப்பது, வெறும் கண்ணால் ஒன்றே முக்கால் மீட்டருக்குள் வைத்துப் படிப்பது போல. ஆடாமல் இருந்தால் மட்டும்.

மிச்சம் சில சில்லறை விஷயங்கள்.

ஸ்கோப்பின் அடித்தட்டும் ஹெட்டின் பிளேட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஒரே ஒரு திருகில் நிற்கும் பிளேட் நாளடைவில் சுழல ஆரம்பிக்கும். சுழலாமல் தடுக்கும் சின்ன முளை உள்ளது நல்லது. நீளமான பிளேட் என்றால் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்தி, கையை விட்டாலும் கவிழாத இடத்தில் நிறுத்தலாம்.

காற்று நாளில் ட்ரைபாட்டின் நடுவில் பையைத் தொங்கவிடுபவர்கள் பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள். அந்தரத்தில் ஊசலாடினால் பை ஸ்கோப்பையும் சேர்த்து ஆட்டும்.

போனை ஐபீஸில் வைத்துப் படம் எடுப்பவர்கள் திரையைத் தட்டாமல் 2 வினாடி டைமர் வையுங்கள்.

உப்பளம், கடற்கரை போய் வந்த அன்றைக்கே கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு மடியுங்கள். ஹெட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.