கல்லிடைக்குறிச்சியில் ஒரு கோடை

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற பிரச்னை, பங்குனி மாதம் பிறக்கும்போதே நம் வீட்டிலும் பிறந்துவிடுவது வழக்கம். உதகமண்டலம் என்பார் ஒருவர். கொடைக்கானல் என்பார் இன்னொருவர். மலைப் பிரதேசங்களில் அறை வாடகை என்ன என்று விசாரித்த பிறகு இரண்டு ஊர்களும் தாமாகவே விலகிக்கொள்ளும். சென்ற ஆண்டு நாம் முந்திக்கொண்டு, "கல்லிடைக்குறிச்சிக்குப் போகலாம்" என்றோம். குழந்தைகள் இருவரும் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்து, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். "பெரிய பாட்டி இருக்கிறாள்" என்றோம். அவர்கள் முகத்தில் உற்சாகத்தின் சாயை கூடத் தென்படவில்லை.

உண்மையைச் சொன்னால், நம் மனத்திலும் பூரண உற்சாகம் இல்லை. பாட்டனார் கட்டிய அந்த வீட்டை விற்றுவிடுவது என்று பங்காளிகள் தீர்மானித்து, நம்முடையதையும் சேர்த்து மூன்று கையெழுத்துக்கள் ஆகியிருந்தன. நாலாவது கையெழுத்து, அதே வீட்டில் தன்னந்தனியாக வசித்துவரும் நம் பெரியம்மாவுடையது. அதை வாங்கி வரும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருந்தது. பெட்டியில் துணிமணிகளுக்கு அடியில் அந்தக் காகிதக் கட்டும் நம்முடன் பிரயாணமாயிற்று.

எழும்பூரில் இரவு வண்டி ஏறி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை போகும் சிறிய வண்டியைப் பிடித்தோம். 2012-இல் அகலப் பாதையாக மாறும் வரையில் இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் வண்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. அது வளைவுகளில் திரும்பும்போது இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். இப்போது அந்தச் சௌகரியம் இல்லை. வண்டி வேகமாகப் போகிறது. சேரன்மாதேவி தாண்டியதும் காருகுறிச்சி வந்தது. நாகஸ்வர மேதை அருணாசலம் (1921-1964) பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊராயிற்றே என்று நாம் பக்தியுடன் ஜன்னலை எட்டிப் பார்த்தோம். இளையவன், "இங்கே பிஸ்கோத்து விற்பார்களா?" என்று கேட்டான். பிறகு வீரவநல்லூர், பிறகு நம் ஊர்.

தாமிரபரணியின் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம். மேற்கே பார்த்தால் பொதிகை மலைத் தொடர் நீலச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவ மழைகளும் ஊட்டி வளர்க்கும் நதியாதலால், சித்திரை வெயிலிலும் இங்கே ஆற்றில் தண்ணீர் ஓடும். ஊரின் அப்பளமோ நாடறிந்தது. உளுந்து மாவோடு பிரண்டைச் சாறும் பெருங்காயமும் அப்பளக்காரமும் சேர்த்து இடித்துப் பிசைந்து, பலகையில் இட்டு எடுக்கும் கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பளத்தின் பெருமைக்கு ஆற்று நீரே காரணம் என்று ஊரார் சொல்வார்கள். நீரைக் காட்டிலும் அந்தக் கைகளுக்கே அதிகப் பங்கு உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

பெரியம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம்மைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "நடராஜரே 37 வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். நீயும் வந்துவிட்டாய்."

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். இவ்வூர்க் குலசேகரமுடையார் கோயிலின் நடராஜர் திருமேனி 1982-இல் களவு போயிற்று. அது கடல் கடந்து ஆஸ்திரேலியா தேசத்தின் அடிலெய்டு நகரிலுள்ள கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, 2019-இல் மீண்டது. நாம் ஊர்ப்பக்கம் வராமல் இருந்ததென்னவோ நாலே வருஷந்தான். இருந்தாலும் அந்த ஒப்புமை சுருக்கென்று தைத்தது. காகிதக் கட்டை அன்றைக்கே எடுக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

இரவுச் சாப்பாட்டின்போது குழம்போடு தொட்டுக்கொள்ள வடாம் இல்லை. அந்த வீட்டில் வடாம் இல்லாத சாப்பாட்டை நாம் கண்டதே இல்லை. கேட்டதற்குப் பெரியம்மா, "மூன்று வருஷமாகப் போடவில்லை. மாடிப்படி ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை. ஏறினாலும் காக்கை ஓட்ட யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றப் போய்விட்டாள். மூத்தவள் நம்மைப் பார்த்தாள். "நான் ஏறுகிறேன் பாட்டி. இவன் காக்கை ஓட்டுவான்" என்றாள். இளையவனை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

மறுநாளே ஏற்பாடுகள் ஆரம்பமாயின. பச்சரிசி மாவு நாலு பங்கு, ஜவ்வரிசி ஒரு பங்கு என்று கணக்கு. இரண்டும் முதல்நாளே தயாராகிவிட்டன. விடிவதற்கு வெகு நேரம் முன்பே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. பச்சை மிளகாய் விழுதும் உப்பும் பெருங்காயமும் அதில் சேர்ந்தன. ஜவ்வரிசி வெந்து கண்ணாடிபோல் ஆனதும், கரைத்த மாவை ஒருவர் ஊற்ற இன்னொருவர் கிளறவேண்டும். கிளறும் உத்தியோகம் நமக்குக் கிடைத்தது. கூழ் இறுக இறுகக் கரண்டி நகர மறுத்தது. அலுவலகத்தில் முப்பது வருஷம் பேனா பிடித்த கை, அரைமணி நேரத்தில் ராஜிநாமா கொடுக்கத் தயாராகிவிட்டது. நம் இல்லத்தரசி கரண்டியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கிளறினாள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்பது விவாகமான வாசகர்களுக்கு விளங்கும்.

மூத்தவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள். "உப்பு எவ்வளவு பாட்டி?"

"ஒரு கை."

"யார் கை?"

பெரியம்மாவுக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. தன் கையில் உப்பை அள்ளி, அதைக் குழந்தையின் கையில் கொட்டினாள். சிறிய கை நிறைந்து, உப்பு விரலிடுக்கில் வழிந்தது. "உன் கைக்கு ஒன்றரை என்று எழுதிக்கொள். நீ வளர வளர அதை அடித்து அடித்து எழுது" என்றாள். கூழை வாயில் இட்டுப் பார்க்கும்போது உப்புச் சற்றுக் குறைவாகத்தான் தோன்றவேண்டும், காயக் காய உப்புத் தூக்கிக் காட்டும் என்னும் ரகசியமும் நோட்டில் ஏறியது. ஆறிய பிறகுதான் எலுமிச்சம்பழச் சாறு பிழியவேண்டும் என்பதும் ஏறியது.

சூரியன் தலைகாட்டுமுன் மொட்டை மாடியில் பழைய வேஷ்டிகள் விரிக்கப்பட்டன. பித்தளை நாழியில் கூழை அடைத்து, முள்ளு முள்ளாகப் பிழியவேண்டும். மாடி ஏற முடியாத பெரியம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே சேனையை நடத்தினாள். "நெருக்கிப் பிழியாதே!" என்ற உத்தரவு கீழிருந்து மேலே போகும். "பாட்டி, எறும்பு வருகிறது!" என்ற முறையீடு மேலிருந்து கீழே வரும். இளையவன் இரண்டுக்கும் நடுவே தூதனாக, அன்று காலை மட்டும் அந்தப் படிகளை நாற்பது தடவையாவது ஏறி இறங்கியிருப்பான். மூத்தவள் பிழிந்த முதல் வரிசை, தேள் ஊர்ந்த தடம்போல் இருந்தது. கடைசி வரிசை வடாம்போல் இருந்தது.

அதற்குப் பிறகு காவல். கறுப்புக் குடையை விரித்துத் தண்ணீர்த் தொட்டியோரம் சாய்த்து, அதன் நிழலில் இளையவன் கம்பும் கையுமாக உட்கார்ந்தான். சம்பளம் முன்கூட்டியே பேசி முடிவாயிற்று: சாயங்காலம், மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் வடாம் பத்து. அந்த அரைக் காய்ச்சல் வடாத்தின் ருசியை அறியாதவர்கள், பொரித்த வடாமே மேல் என்று எண்ணிக்கொண்டு காலந்தள்ளுகிறார்கள். பாவம், அவர்கள் பேரில் குற்றமில்லை. பகல் இரண்டு மணிக்கு நாம் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுப் பையன்கள் மூவரும் காவலில் சேர்ந்திருந்தார்கள். சம்பளமும் நாலாகப் பங்கிடப்பட்டிருந்தது. கைப்பேசி எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயோ இருக்கிறது என்றான்.

இரண்டாம் நாள் பிற்பகல் நாம் ரேழியில் கண்ணயர்ந்திருந்தோம். பொதிகைப் பக்கம் கறுத்தது. மலைக்குப் பின்னால் யாரோ பெரிய பீப்பாயை உருட்டியதுபோல் கோடை இடி முழங்கிற்று. "மழை!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் மாடிப்படியில் யார் யார் ஏறினார்கள் என்று சொல்ல இயலாது. எதிர் வீட்டு அம்மாள், நுங்கு விற்க வந்தவர், காவற்படைச் சிறுவர்கள், நாம், எல்லோருந்தான். வேஷ்டிகளின் நாலு முனைகளையும் பிடித்து, தொட்டில்போல் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெரும் துளிகள் சுட்ட தளத்தில் விழுந்து மண்வாசனை எழும்பியது. ஐந்தாவது வேஷ்டியை இறக்கும்போது நாம் கால் இடறி, கால் வேஷ்டி வடாத்தைப் படியில் கொட்டினோம். சேதம் அவ்வளவே. மழையோ பத்தே நிமிஷத்தில் தன் வேலை முடிந்ததென்று போய்விட்டது.

தலையெண்ணிப் பார்த்தபோது பெரியம்மாவைக் காணோம். மாடியிலிருந்து குரல் வந்தது. மூன்று வருஷமாக ஏறாத படிகளை அந்த அமளியில் எப்படியோ ஏறிவிட்டாள். நனைந்த தளத்தில், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நின்றாள். "இவ்வளவு தென்னை போய்விட்டதா அங்கே?" என்று கேட்டாள். அவளைக் கீழே இறக்குவதற்கு நமக்கும் எதிர் வீட்டு அம்மாளுக்கும் அரைமணி ஆயிற்று.

மறுநாள் மீண்டும் வெயில். வேஷ்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து வடாத்தை உரித்து, தட்டுக்களில் கொட்டி, இன்னும் இரண்டு நாள் காய வைத்தோம். ஒன்றை எடுத்து ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அப்படிக் காய்ந்த வடாத்திலும் அணுவளவு ஈரம் தங்கியிருக்குமாம். காய்ந்த எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகிப் பீறிடுவதால்தான் அது பூவாய் மலர்கிறது.

மற்ற நாட்கள் எப்படிக் கழிந்தன என்று விவரிக்கப் புகுந்தால் பக்கம் போதாது. காலையில் ஆறு. முழங்கால் அளவுத் தண்ணீரில் துண்டை விரித்து மீன்குஞ்சு பிடிப்பதும், பிடித்ததை எண்ணிவிட்டு ஆற்றிலேயே விடுவதும் முடிவில்லாத காரியம். பதினொரு மணிக்கு நுங்கு. தோண்டிய காய்கள் இரண்டைச் சக்கரமாக வைத்து, நடுவே குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிப்போகும் வண்டியைப் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தான். சென்னையில் விலை கொடுத்து வாங்கிய மோட்டார் வண்டிகளில் எதையும் இளையவன் இவ்வளவு தூரம் ஓட்டியதில்லை. வெயில் உச்சிக்கு ஏறினால், கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் சேர்த்த பானகம், அப்புறம் பல்லாங்குழி. ஏழேழாகப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. காலியான குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாலாகிவிட்டால் அது 'பசு'. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவின் மாட்டுத் தொழுவம் நாளுக்கு நாள் பெருகிற்று. மூத்தவள் ஐந்து நாள் தொடர்ந்து தோற்று, ஆறாம் நாள் ஜெயித்தாள். பாட்டி விட்டுக்கொடுத்தாளோ என்ற சந்தேகம் அவளுக்கு இன்றும் உண்டு. இரவில் மாடியில் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தால், மலைக் காற்று வீசும். காகிதக் கட்டைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பாயில் படுத்துக்கொண்டுதான் நினைத்தோம்.

புறப்படும் நாளும் வந்துவிட்டது. பெரியம்மா வடாத்தைத் தராசில் நிறுத்து, நாலு தகர டப்பாக்களில் சரிசமமாகப் போட்டாள். "நாலு பங்கு. ஒன்று உனக்கு, இரண்டு அவர்களுக்கு, ஒன்று எனக்கு" என்றாள். மூன்று டப்பாக்களை நம் பெட்டியில் தானே அடுக்கினாள். துணிகளைத் தூக்கியவள், அடியிலிருந்த காகிதக் கட்டைக் கையிலெடுத்தாள். நமக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவள் அதைப் பிரிக்கவில்லை. மடங்கியிருந்த ஓரத்தை நீவிச் சரிசெய்து, மறுபடியும் அடியில் வைத்து, அதன்மேல் டப்பாக்களை இறுத்தினாள்.

"நாழி வேண்டாமா பாட்டி? அதையும் எடுத்துக்கொண்டு போகட்டுமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"அது இங்கேயே இருக்கட்டும். வருகிற சித்திரைக்கு நீ வந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாமே" என்று சொல்லி, பித்தளை நாழியைத் துடைத்து அடுக்களை ஆணியில் மாட்டினாள்.

சென்னை வந்து சேர்ந்த அன்று மாலையே தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "கையெழுத்து ஆயிற்றா?" என்று கேட்டான். "உன் பங்குக்கு ஒரு டப்பா வடாம் வந்திருக்கிறது. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போ" என்றோம்.