பழைய கேசட்டுகளும் ஊர் வீட்டு ஓடுகளும்

பொருள் ஒன்றை வாங்குமுன் பத்து முறை எண்ணிப் பார்ப்பவர் நம்மிடையே பலர் உளர். இருக்கும் பொருளை விற்குமுன் எவ்வாறு எண்ணிப் பார்ப்பது என்பதை மட்டும் ஒருவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கோ அக்கல்வி மிகவும் வேண்டியதாகும். ஊரில் ஒரு வீடு. இங்கே ஒரு குடியிருப்பு. இரண்டிலும் நினைவுக்கென்று வைத்திருக்கும் சாமான்கள். அனைத்தையும் காப்பதற்குப் போதாத ஊதியம். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட வேண்டிய நாள் எல்லார் இல்லத்திலும் ஒரு முறையேனும் வருகிறது. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் அந்நாள் வந்தது. விற்கலாமா, வேண்டாமா என்று நாங்கள் எண்ணிப் பார்த்த பொருள் நகையுமன்று, நிலமுமன்று. சிறு வயதில் ஆடிய வீடியோ கேம் கேசட்டுகளே. அன்பர்கள் நகைக்க வேண்டாம். முழுவதும் படித்தபின் தீர்ப்புக் கூறலாம்.

எங்கள் தந்தையார் கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு இரயில்வேத் தலைமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவர் பணியில் இருக்கும்போதே 2009இல் காலமானார். பள்ளி இறுதித் தேர்வோடு நின்றுவிட்ட எங்களுக்கு அதன்பின் அதே இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. நாங்கள் வளர்ந்தது இரயில்வேக் குடியிருப்பில். கிதிர்ப்பூர் கூப்பிடு தொலைவு. அங்கே 1892இல் திறக்கப்பட்ட கப்பல்துறையை ஒட்டி, மாலுமிகள் கொண்டுவரும் அயல்நாட்டுச் சரக்குக்குப் பேர்போன ஃபேன்ஸி மார்க்கெட் உள்ளது. 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னையில் தோன்றிய பர்மா பஜாரை அறிந்தவர்களுக்கு இவ்வங்காடியைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

1996ஆம் ஆண்டு துர்க்கா பூசை போனஸில் தந்தையார் அங்கிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கிவந்தார். ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் கருவியின் போலி அது. உடன் வந்த மஞ்சள் கேசட்டின் அட்டையில் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. ஆடத் தொடங்கினால் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். அக்காலத்துச் சிறுவர் எவரும் இதை மறந்திரார்.

எங்கள் தாய்மாமன் வணிகக் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் கிதிர்ப்பூரைத் தொடும்போதெல்லாம் அசல் ஜப்பானியச் சரக்கு எங்கள் இல்லத்திற்கு வந்து சேரும். அட்டைப் பெட்டியும் கையேடும் கலையாத ஐந்து ஃபேமிலி கம்ப்யூட்டர் கேசட்டுகள். சாம்பல் நிறக் கேம் பாய் ஒன்று. பெட்டியுடன் டெட்ரிஸ் கேசட். பின்னர், ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வெளியாகி வேறு எந்த நாட்டிலும் விற்கப்படாத போக்கெட் மான்ஸ்டர்ஸ் பச்சைக் கேசட். அன்னையார் இவை அனைத்தையும் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

நிற்க. எங்கள் பூர்வீக வீடு கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த கூடம், இரண்டு அறைகள், பின்கட்டில் ஒரு கிணறு. சென்ற ஆண்டு வைகாசியில் அன்னையாருடன் நாங்கள் ஊருக்குச் சென்றபோது, கூடத்து உத்திரத்தைக் கரையான் அரித்திருக்கக் கண்டோம். ஐப்பசி அடைமழைக்கு முன் உத்திரத்தை மாற்றி ஓடு பிரித்து வேயாவிட்டால் சுவரும் நில்லாது என்று கொத்தனார் கூறிவிட்டார். செலவில் பாதியை ஏற்பதாகக் கரக்பூரில் வேலை பார்க்கும் தம்பி சொன்னான். மற்றப் பாதிக்கு எங்களிடம் வழியில்லை. பெண்ணின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கும் இல்லம் இது.

அப்பொழுது தம்பிதான் கேசட்டுகளை நினைவூட்டினான். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் சூப்பர் மாரியோ 64 என்னும் ஆட்டம் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு இரு நாள் முன்பு தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா என்னும் ஆட்டம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விற்றது. இச்செய்தி அந்நாளிலிருந்தே தம்பியின் மனத்தில் குடியிருந்தது.

ஆயின் ஒன்றை உணர வேண்டும். அங்கு விலைபோனவை உறை கிழிக்காத, ஒருவரும் ஆடாத, தரம் மதிப்பிட்டுக் கண்ணாடி போன்ற பேழையில் அடைத்த பிரதிகள். குழந்தைகள் ஆடி மகிழ்ந்த கேசட்டுக்கும் அவற்றிற்கும், உடுத்த பட்டுக்கும் மடிப்புக் கலையாத பட்டுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பழமை மட்டும் விலையாகிவிடாது. கேம் பாயும் அதன் வண்ணத் திரைப் பதிப்பும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன. அத்துணைப் பெருகிக் கிடக்கும் பொருளுக்கு அருமை எங்கிருந்து வரும்? குழந்தைகள் முதல் நாளே கிழித்தெறியும் அட்டைப் பெட்டியும் கையேடும் எஞ்சியிருந்தால்தான் விலை உயரும். எங்கள் அன்னையார் எதையும் எறியாதவர்கள். அவ்வழக்கமே இங்கே செல்வமாயிற்று.

சாந்தினி சௌக்கில் ஒரு வணிகரிடம் முதலில் காட்டினோம். அவர் பெட்டிகளைத் திறந்தும் பாராமல் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு சிறு தொகைக்குக் கேட்டார். பின்னர்த் தம்பி இணையத்தின் வழியே பெங்களூர்ச் சேகரிப்பாளர் ஒருவரைக் கண்டுபிடித்தான். அவர் வேறு அலுவலாகக் கொல்கத்தா வந்தபோது இல்லத்திற்கே வந்தார். போலிகள் மலிந்த காலமாதலால் தனிவடிவத் திருகுளியால் கேம் பாய்க் கேசட்டுகளைத் திறந்து உள்ளிருக்கும் தகட்டை ஆராய்ந்தார். பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்த்தார். அவர் சொன்ன செய்திகள் எமக்குப் புதியவை. கேசட்டின் வாயில் ஊதி ஆடுவது நாடெங்கும் சிறுவர் வழக்கமாயிருந்ததன்றோ? மூச்சின் ஈரம் செம்புத் தொடுமுனைகளை அரிக்குமாம். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தொட்டுத் துடைப்பதே முறையாம். கொல்கத்தாவின் ஆவணி மாதத்து ஈரக்காற்று அட்டைப் பெட்டிக்குப் பெரும்பகை என்றும் கூறினார். உண்மையில் இரு பெட்டிகளில் பூஞ்சணம் புள்ளியிடத் தொடங்கியிருந்தது. பூட்டி வைத்தமையால் பொருள் காக்கப்பட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். புடவைப் பெட்டிக்குள்ளும் அது தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐந்து கேசட்டுகளுக்கும் டெட்ரிஸுக்கும் அவர் சொன்ன விலை எங்கள் இரண்டு மாத ஊதியத்திற்குச் சற்றுக் குறைவு. பெட்டியில்லாமல் மஞ்சள் பூத்துவிட்ட கேம் பாயையும் டி.வி. கேமையும் அவர் பொருட்படுத்தவில்லை. பச்சைக் கேசட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கையேட்டைப் புரட்டியதும் அம்மலர்ச்சி வாடிற்று. "எழுதி வைத்திருக்கிறார்களே! இதனால் விலை பாதியாகிவிடும்" என்றார்.

எழுதியவர் எங்கள் தந்தையார். அந்த ஆட்டம் முழுவதும் ஜப்பானிய எழுத்தில் அமைந்தது. எங்களுக்கோ, தம்பிக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. தந்தையார் இரவு உணவுக்குப்பின் எங்களோடு அமர்ந்து, மாமா சொன்ன சில சொற்களைக் கொண்டும், மற்றவற்றை ஆடி ஆடியே கண்டும், கையேட்டின் வெற்றிடங்களில் ஜப்பானிய எழுத்தின் வடிவத்தை வரைந்து, எதிரே தமிழில் பொருள் எழுதினார். சண்டை, பிராணி, பை, ஓட்டம் என்று அலுவலகப் பேரேட்டில் எழுதும் அதே குண்டு எழுத்துக்கள். வங்காள எழுத்தறியாமல் இந்நகருக்கு வந்து, பேருந்துப் பலகைகளை வடிவம் பார்த்தே படிக்கக் கற்றவர் அவர். அக்கலையைப் பிள்ளைகளுக்கு அவர் இவ்வாறு கற்பித்தார் போலும்.

அன்னையார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அவர் எழுதியதனால் குறைகிறதென்றால் அது இவருக்கு உரிய பொருள் அன்று. இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். மற்றவற்றை விற்றுவிடலாமா என்று கேட்டோம். "அவையெல்லாம் மாமா கொடுத்தவை. மாமாவைக் கேட்காமல் விற்காதே" என்றார்கள். ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கும் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தோம். "நான் உங்களுக்கு ஆடக் கொடுத்தேன், ஆடிவிட்டீர்கள். இனி அது ஓடாகட்டும்" என்று சிரித்தார்.

எனினும் நாங்கள் அன்றே கொடுத்துவிடவில்லை. ஓரிரவு முழுவதும் பேசினோம். இன்னும் பத்தாண்டு வைத்திருந்தால் விலை ஏறாதா என்று தம்பி வினவினான். ஏறலாம், இறங்கவும் கூடும். இவற்றைத் தேடி வாங்குவோர் சிறுவயதில் இவற்றை ஆடிய தலைமுறையினர். அவர்களுக்குப் பின் யார் தேடுவார் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. உத்திரமோ ஐப்பசிக்குமேல் காத்திராது. "வீட்டை விற்றுவிட்டுக் கேசட்டை வைத்துக்கொள்வோமா?" என்று இல்லாள் கேட்ட ஒரு கேள்வியில் வழக்கு முடிந்தது.

இந்நகரமே விற்பதையும் வாங்குவதையும் வெட்கமின்றிச் செய்யும் நகரம். ரஸல் தெருவில் 1940இல் தொடங்கிய ரஸல் எக்ஸ்சேஞ்ச் ஞாயிற்றுக்கிழமை ஏலங்களுக்குப் பேர்போனது. பெருங்குடும்பங்களின் நாற்காலிகளும் கடிகாரங்களும் அங்கே சுத்தியல் அடியில் கை மாறியுள்ளன. கல்லூரித் தெருவில் ஒருவர் கையொப்பமிட்ட புத்தகம் மற்றொருவர் அலமாரிக்குப் போகிறது. விற்பதில் இழிவு இல்லை. தேவையும் தெளிவும் வேண்டும், அவ்வளவே.

ஐந்து கேசட்டுகளும் டெட்ரிஸும் பெங்களூர் சென்றன. பெற்றுக்கொண்டவர் அவற்றைக் குழந்தையை ஏந்துவதுபோல் துணியில் பொதிந்து எடுத்துச் சென்றார். அவை பூஞ்சணமின்றி வாழும். ஆவணியில் உத்திரம் ஏறிற்று. புரட்டாசியில் ஓடு வேய்ந்து முடிந்தது. அவ்வாண்டு மழையில் கூடம் நனையவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்ட அன்னையார், தை மாதம் ஊருக்குச் சென்று அக்கூடத்திலேயே பொங்கலிட்டார்கள்.

பச்சைக் கேசட்டினுள் சேமித்த ஆட்டத்தை நினைவில் நிறுத்துவது ஒரு சிறு நாணய மின்கலம். அஃது என்றோ ஓய்ந்துவிட்டபடியால், 1998 கோடை விடுமுறை முழுவதும் சகோதரர் இருவரும் ஆடிச் சேர்த்த ஆட்டம் அழிந்துபோயிருந்தது. சாந்தினி சௌக்கில் பழுது பார்ப்பவர் ஒருவர் புது மின்கலத்தைப் பற்றவைத்துத் தந்தார். எங்கள் பெண் இப்பொழுது முதலிலிருந்து ஆடுகிறாள். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் பயிலும் அவளுக்குத் தமிழ் எழுத்து வசப்படாமல் இருந்தது. ஞாயிறு வகுப்புக்கும் சாக்குச் சொல்வாள். தாத்தாவின் குறிப்பைப் படித்தால்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும் என்றானபின், "இது என்ன எழுத்து, ழகரமா ளகரமா?" என்று பாட்டியிடம் கையேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

அன்பர்கள் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும்: இசைத்தட்டுகள், தபால்தலைகள், பழைய வானொலிகள், கேசட்டுகள். விற்க நேர்ந்தால் மூன்று செய்திகளை மட்டும் வேண்டிக்கொள்கிறோம். முதலில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாமல், பொருளை அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். கொடுத்தவர் உயிரோடிருந்தால் அவரைக் கேளுங்கள். பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு தாளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அதில் யாருடைய கையெழுத்தாவது இருக்கலாம்.