பிளாஸ்ரிக் புல்லுக்கும் மணல் போடவேண்டும்

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு எடுக்கும் எங்கள் குடும்பங்கள் சிலவற்றுக்கு இப்போது வீட்டுடன் சேர்ந்து ஒரு பிளாஸ்ரிக் புல்தரையும் கிடைக்கிறது. வீட்டைக் காட்ட வருபவர் பின்கதவைத் திறந்து, "இதற்குத் தண்ணீர் விடத் தேவையில்லை, வெட்டத் தேவையில்லை, எந்தப் பராமரிப்பும் இல்லை" என்பார். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பவேண்டாம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த பின் பல வேலைகள் செய்திருக்கிறேன். கடைசிப் பதினாறு வருடங்களாகத் தோட்ட வேலை செய்யும் ஒரு குழுவில் இருக்கிறேன். பிளாஸ்ரிக் புல் விரிப்பதும், விரித்ததைத் திருத்துவதும் எங்களுடைய வேலைகளில் பெரும் பங்கு. "புல் பழுதாகிவிட்டது, மாற்றவேண்டும்" என்று எங்களை அழைப்பவர்களின் வீடுகளில் அநேகமாகப் புல்லுக்கு ஒன்றும் நடந்திருப்பதில்லை. புல்லுக்குள் இருந்த மணல்தான் இல்லாமற் போயிருக்கும்.

பிளாஸ்ரிக் புல் என்பது ஒரு கார்ப்பெற் போன்றது. அடியில் ஓட்டைகள் உள்ள ஒரு கனத்த துணி, அதிலே தைக்கப்பட்ட பிளாஸ்ரிக் இழைகள், அவ்வளவுதான். உயிருள்ள புல்லை அதன் வேர் நிலத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கு வேர் கிடையாது. ஆகவே விரித்து முடிந்ததும் இழைகளுக்கு இடையே உலர்ந்த மணலைத் தூவி, தும்புத்தடியால் தேய்த்து உள்ளே இறக்குவார்கள். அந்த மணலுக்கு நான்கு வேலைகள் உண்டு. அதன் பாரம் விரிப்பை நிலத்தோடு அழுத்தி வைத்திருக்கும். வெய்யிலில் பிளாஸ்ரிக் விரிந்து, குளிரில் சுருங்கும்போது மடிப்பு விழாமல் தடுக்கும். இழைகளை அடியில் தாங்கி நிமிர்ந்து நிற்க வைக்கும். அடித்துணியில் நேரே வெய்யில் படாமல் மறைக்கும்.

ஆரம்பத்தில் இந்தப் புல் மணல் இல்லாமலேதான் வந்தது. 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் கூரை போட்ட விளையாட்டரங்கில் விரித்தது கட்டையான நைலோன் இழைகள் கொண்ட விரிப்பு. மணல் நிரப்பும் முறை பின்னர் வந்தது. இங்கே 1981இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் லண்டனில் உள்ள தன் உதைபந்தாட்ட மைதானத்தில் பிளாஸ்ரிக் தரை போட்டு, பந்து அளவுக்கு மிஞ்சி எழும்புகிறது என்று எல்லோரும் முறைப்பட, 1988இல் அதை எடுத்துவிட்டது. வீட்டுக்கு வரும் புல் இப்போது எவ்வளவோ மென்மையாகிவிட்டது. ஆனால் அதைத் தாங்குவது இன்னமும் மணல்தான்.

அந்த மணல் எங்கே போகிறது? எங்கள் ஊர்களில் விசேட நாட்களுக்கு முன் முற்றத்துக்கு மணல் பறித்துப் பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாளாந்தம் கூட்டக் கூட்ட அது குறையும். மாரி மழை கொஞ்சத்தை அள்ளிக்கொண்டு போகும். இங்கேயும் அதே கதைதான். பிள்ளைகளின் சப்பாத்தோடு கொஞ்சம் வீட்டுக்குள் வருகிறது. இலை ஊதும் மெசினால் கொஞ்சம் பறக்கிறது. சிலர் வீட்டு வக்கூம் கிளீனரைப் புல்லில் பிடிக்கிறார்கள். அது இலையோடு மணலையும் இழுத்துவிடும். பனி கொட்டினால் சவளால் அள்ளி எறிபவர்கள் பனியோடு மணலையும் எறிகிறார்கள். மிஞ்சியது கால் பட்டு இறுகிப் போகிறது.

இது ஒரு சின்ன விடயம் என்று நினைக்கவேண்டாம். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் லண்டனுக்கு வடமேற்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. கணவர் இரவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மூன்று பிள்ளைகள். மாத வாடகை 1,800 பவுண். முற்பணமாக ஐந்து கிழமை வாடகை, அதாவது 2,000 பவுணுக்கு மேல். அதிலே பாதி உறவினர்களிடம் கைமாற்றாக வாங்கியது. ஆறு மாதத்தில் வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்சிக்காரர், பின்வளவுப் புல் படுத்துவிட்டது, மடிப்பு விழுந்துவிட்டது, மாற்றும் செலவு முற்பணத்தில் கழிக்கப்படும் என்று கடிதம் அனுப்பிவிட்டார். கடிதத்தை வாசித்துச் சொன்னது பன்னிரண்டு வயது மகள். தாய் எனக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, பிள்ளையள் பந்தடிச்சதுக்கு இவ்வளவு காசா?" என்று அழாக்குறையாகக் கேட்டா.

போய்ப் பார்த்தேன். முப்பது சதுர மீற்றர் புல். இழைகளை விரலால் விலக்கினால் கறுப்பு அடித்துணி அப்படியே தெரிந்தது. மணல் ஓரங்களில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் ஆறு மாதம் விளையாடி இவ்வளவு மணல் போகாது. அது பல வருடங்களாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நல்ல காலம், அந்தத் தாய் வீட்டுக்கு வந்த முதல் நாளே ஒவ்வொரு அறையையும் பின்வளவையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தா. அந்தப் படத்திலும் புல் படுத்தபடியேதான் கிடந்தது.

படத்தையும் இணைத்து ஏஜென்சிக்கு ஒரு ஈமெயில் எழுதினோம். புல் முன்பே இப்படித்தான் இருந்தது, மணல் குறைந்ததுதான் காரணம், அனுமதித்தால் நாங்களே மணல் போட்டுச் சரிப்படுத்துகிறோம் என்று. அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமை, நான்கு பை மணல், இரண்டு தும்புத்தடி, மூன்று மணித்தியாலம். அடுத்த முறை வந்தவர் புல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, செலவு கழிக்கப்படமாட்டாது என்று எழுத்தில் வந்தது.

புதிதாக வந்தவர்கள் இங்கே ஒரு விடயத்தை அறிந்து வைத்திருங்கள். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்குக் கொடுக்கும் முற்பணத்தை, 2007 ஏப்ரல் முதல், அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். இப்போது அதற்குரிய கால எல்லை 30 நாட்கள். 2019 யூன் முதல், வருட வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. சாதாரணமாகப் பாவிப்பதால் வரும் தேய்வுக்குக் காசு கழிக்கவும் முடியாது. பிணக்கு வந்தால் அந்தத் திட்டத்திலேயே இலவசமாக விசாரிப்பார்கள். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது திகதியிட்ட படங்களும் எழுத்தில் உள்ள கடிதங்களும்தான்.

இனி மணல் போடும் முறைக்கு வருவோம்.

முதலில் தேவையா என்று பாருங்கள். நான்கைந்து இடங்களில் இழைகளை விலக்கிப் பாருங்கள். நடக்கும் பாதை, பந்து வீச ஓடி வரும் இடம், கதவடி ஆகிய இடங்களில்தான் முதலில் குறையும். அடித்துணி தெரிந்தால் மணல் போதாது. சில புல் வகைகள் மணல் இல்லாமலே போடலாம் என்று விற்கப்படுகின்றன. ஆகவே வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்பு மணல் போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் எழுத்தில் அனுமதி பெறாமல் தொடவேண்டாம்.

மணலைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். பையில் 'கில்ன் ட்ரைட் சிலிக்கா சான்ட்' என்று இருக்கவேண்டும். கழுவி, சூளையில் உலர்த்திய மணல் அது. வடமராட்சி கிழக்கில் அம்பன், நாகர்கோவில் பக்கம் கிடக்கும் வெள்ளை மணலும் சிலிக்கா மணல்தான். மணி உருண்டையாக இருந்தால் நல்லது. கட்டட வேலைக்கான மணலில் களி இருக்கும். அது இறுகி, தண்ணீர் வடிவதைத் தடுத்து, கறையும் பிடிக்கும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பியும் இருக்கும். பிள்ளைகளின் காற்பந்து மைதானத்தில் சப்பாத்துக்குள் ஏறி வருகிறதே கறுப்பு றப்பர் துணிக்கை, அது வீட்டுக்குத் தேவையில்லை. நுண்பிளாஸ்ரிக்காக மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றி, 2031 ஒக்ரோபருக்குப் பின் அதன் விற்பனையை நிறுத்தத் தீர்மானித்துள்ளது.

புதிதாக விரிக்கும்போது ஒரு சதுர மீற்றருக்கு 5 முதல் 8 கிலோ வரை போடுவது வழக்கம். ஆறு கிலோ என்றால் ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் உயரம்தான் வரும். குறைந்ததை நிரப்புவதற்கு 2 அல்லது 3 கிலோ போதும். அந்த வீட்டின் முப்பது சதுர மீற்றருக்கு 25 கிலோப் பைகள் நான்கு எடுத்தது இந்தக் கணக்கில்தான். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இழை புதைந்து, தரை கடினமாகிவிடும்.

நாள் பார்ப்பது முக்கியம். இரண்டு மூன்று நாள் மழை இல்லாமல், புல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் மணல் மேலேயே கட்டிபட்டு நிற்கும். முதலில் இலைகுழைகளைப் பிளாஸ்ரிக் வாரியால் வாரி எடுங்கள். இரும்பு வாரி இழையைக் கிழிக்கும். பின் இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் தும்புத்தடியால் கூட்டி நிமிர்த்துங்கள். மணலை ஓரிடத்தில் குவிக்காமல், விதை விதைப்பதுபோல் மெல்லிதாகத் தூவி, கூட்டி இறக்குங்கள். அது இறங்கிய பின் அடுத்த தடவை தூவுங்கள். மூன்று நான்கு தடவையில் முடியும்.

ஒரு எச்சரிக்கை. உலர்ந்த சிலிக்கா மணலில் எழும் நுண்ணிய தூசு சுவாசப்பைக்குக் கூடாது. இந்தத் தொழிலில் உள்ள நாங்கள் முகமூடி இல்லாமல் பையை வெட்டுவதில்லை. எஃப்.எஃப்.பி 3 என்று குறிப்பிட்ட முகமூடி வாங்குங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து மெதுவாகக் கொட்டுங்கள். பிள்ளைகளையும், இழுப்பு வருத்தம் உள்ளவர்களையும் உள்ளே இருக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பூவாளியால் மெல்லிதாகத் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கிவிடும்.

எங்கள் வீடுகளுக்கென்றே சொல்லவேண்டியவையும் உண்டு. தைப்பொங்கலுக்குப் பின்வளவில் அடுப்பு வைக்கும் வழக்கத்தை நாங்கள் விடப்போவதில்லை. மணல் எரியாது, ஆனால் இழை உருகிவிடும். அடுப்பைச் சீமெந்துக் கல்லுப் பாவிய இடத்தில், புல்லுக்கு எட்டத்தில் வையுங்கள். வடையோ பலகாரமோ சுடும் தாச்சியும் அப்படித்தான். எதிரே உள்ள இரட்டைக் கண்ணாடி யன்னலில் பட்டுத் தெறிக்கும் வெய்யில்கூடச் சில வீடுகளில் இழையை உருக்கியிருக்கிறது. கிறிக்கெற் விளையாடும் பிள்ளைகளிடம், மாதம் ஒருமுறை விக்கெற்றை இடம் மாற்றச் சொல்லுங்கள். ஒரே இடம் தேயாது. நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மணலோடு சியோலைற் என்ற கனிப்பொருளைக் கலந்தால் சிறுநீர் மணத்தைக் குறைக்கும்.

கோடையில் இன்னொன்று. 2022 யூலை 19இல் லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. உண்மையான புல் நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்ரிக் புல்லால் அது முடியாது. காற்றைவிட அது மிகவும் கூடச் சூடேறும். தவழும் குழந்தையை விடுமுன் உங்கள் உள்ளங்கையைச் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் குழந்தையை விடவேண்டாம்.

சொந்த வீடு வாங்கியவர்கள், "புதிதாகப் போடலாமா அண்ணை?" என்று என்னைக் கேட்கிறார்கள். போடுவது என் பிழைப்பு. இருந்தும் இயலுமானால் வேண்டாம் என்றே சொல்லுகிறேன். அதன் கீழே மண்புழுவும் இருக்காது, குருவிக்குத் தீனியும் கிடைக்காது. கடைசியில் ஒருநாள் அது குப்பைக்குப் போகும். இந்த நாட்டின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022இல் தன் மலர்க் கண்காட்சிகளில் இதற்குத் தடை போட்டுவிட்டது. உங்கள் வளவில் இரண்டு பாத்தி கீரையும் ஒரு வெந்தயப் பாத்தியும் போட்டால் அதைவிடப் பலன் உண்டு.

ஆனால் வீட்டோடு வந்துவிட்ட புல்லைப் பிடுங்கி எறிவதும் வீண்தான். மணல் உள்ளவரை அது இன்னும் பல வருடம் உழைக்கும். சித்திரை, வைகாசியில் வெய்யில் தொடர்ந்து இரண்டு நாள் எறித்தால், கோடை விடுமுறைக்கு முன் ஒருதடவை பின்வளவுக்குப் போய் இழைகளை விலக்கிப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கே ஒரு படமும் எடுத்து, திகதியோடு பத்திரப்படுத்துங்கள்.